முன்னால் போய் நிற்பதா, இருட்டில் நுழைவதா, தூர நின்று எறிவதா?

போன மாதம் அக்கா மகன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மஸ்கெலியாவில் இருந்து வீட்டுக்கு வந்தான். வெளியே பனிமூட்டம், எதிர் மலையில் இருக்கிற லயம்கூடத் தெரியவில்லை. வந்ததும் வராததுமாக, "மாமா, கிட்டப் போனாலே புடிச்சிர்றான் மாமா" என்றான்.

அவன் விளையாடுவது சைலண்ட் ஹன்டர் 3. 2005இல் வந்த நீர்மூழ்கி கேம், கிட்டத்தட்ட அவன் வயசு. பழைய லெப்டொப்பிலும் ஓடும் என்பதால் நான்தான் கொடுத்தேன். தனியாக வரும் கப்பல்களை நன்றாகவே அடிக்கிறான். முப்பது நாற்பது கப்பல் சேர்ந்து, சுற்றிலும் காவல் கப்பல்களோடு வருகிற தொடரணி என்றால்தான் கதை முடிந்துவிடுகிறது. மூன்று தடவை கிட்டப் போய் மூன்று தடவையும் கடலுக்கடியில் நசுங்கியிருக்கிறான்.

தொடரணியை எப்படி அடிப்பது என்பதில் எங்கள் குடும்பத்திலேயே மூன்று கட்சி. பண்டாரவளையில் இருக்கிற மச்சான் இரவில் மேலே மிதந்தபடியே நடுவில் புகுந்து சுடுகிற ஆள். நான் முன்னால் போய்த் தண்ணீருக்கடியில் காத்திருக்கிற ஆள். மருமகன் இதுவரை செய்தது ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்று நான்கு டொர்பிடோவையும் (தண்ணீருக்குள் ஓடிப் போய்க் கப்பலில் வெடிக்கிற குண்டு) மொத்தமாக விட்டுவிட்டு ஓடுவது. இந்த மூன்றையும், நான்காவதாக ஒரு சின்ன வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன்னால், எந்த வழிக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது.

நம் தோட்டத்துப் பாதைகள் மலையைச் சுற்றிச் சுற்றித்தான் இறங்கும். பஸ்ஸைத் தவறவிட்டவன் பின்னால் ஓடமாட்டான். தேயிலைக்கு நடுவில் குறுக்கு வழியில் சறுக்கி இறங்கி, பஸ் வருவதற்குள் அடுத்த வளைவில் போய் நிற்பான். தொடரணி வேட்டையும் இதுதான். போரில் அதிகம் ஓடிய ஜெர்மன் படகு ஏழு-சி வகை. மேலே மிதந்து போனால் அதன் உச்ச வேகம் 17.7 நொட் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்). மூழ்கிவிட்டால் 7.6 நொட், அதுவும் பெட்டரி தீரும் வரைதான். 4 நொட்டில் மெதுவாகப் போனால் 80 கடல் மைல் தாங்கும். தொடரணியோ 7 முதல் 10 நொட்டில் போகிறது. ஆகவே மூழ்கியபடி துரத்திப் பிடிக்கலாம் என்பது நடக்காத காரியம். மருமகனின் மூன்று மரணங்களில் இரண்டு இப்படித்தான். பகலில் தொடரணியைப் பின்னால் இருந்து கண்டுவிட்டு அவசரத்தில் மூழ்கி, முழு வேகத்தில் துரத்தி, பெட்டரியைத் தின்று, இயந்திரச் சத்தத்தால் தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கிறான்.

கணக்கு எளிது. தொடரணி 8 நொட், நாம் மேலே மிதந்து 17. வித்தியாசம் 9 நொட், அதாவது மணிக்கு 16, 17 கிலோமீட்டர். காவல் கப்பலின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பக்கவாட்டாகப் போய், 20 கிலோமீட்டர் பின்னால் இருந்து 20 கிலோமீட்டர் முன்னால் வர இரண்டரை மணித்தியாலம். சுற்றிப் போகிற தூரத்தையும் சேர்த்தால் நான்கு. கேமில் நேரத்தை வேகமாக ஓடவிடலாம், ஆகவே ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடிக்கிற நேரம்தான். ரேடியோவில் தொடரணி பற்றிய செய்தி வந்ததும் வரைபடத்தில் அதன் போக்கைக் கோடு போட்டு நீட்டிப் பாருங்கள். பிறகு தண்ணீருக்குள் கப்பல் சத்தத்தைக் கேட்கிற கருவியான ஹைட்ரோஃபோனில் கேட்டு அந்தக் கோட்டைத் திருத்திக்கொண்டே போகலாம். குறுக்கில் இறங்கி வளைவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், எந்த வழியில் அடிப்பது என்ற கேள்வியே பிறக்கிறது.

தொடரணியின் உருவத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் மலையில் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நிரை பிடித்து வரிசையாக ஏறுவார்களே, அதே மாதிரிதான். நீளத்தைவிட அகலம் அதிகம். ஒன்பது நிரை, நிரைக்கு நாலைந்து கப்பல் என்று வைத்தால் நாற்பதுக்கு மேல் வந்துவிடும். நிரைக்கும் நிரைக்கும் நடுவில் ஏறக்குறைய 900 மீட்டர், ஒரே நிரையில் முன்கப்பலுக்கும் பின்கப்பலுக்கும் 400, 500 மீட்டர். பக்கவாட்டில் நின்று சுடுகிறவனுக்குக் கிடைக்கிற இலக்கைக் குறைக்கத்தான் இப்படி அகலமாக அடுக்கினார்கள். கங்காணிமார் போலக் காவல் கப்பல்கள் முன்னாலும் பக்கங்களிலும் பின்னாலும் நடக்கும்.

சரி, மச்சானின் வழி.

இரவில், மேலே மிதந்தபடி, காவல் கப்பல் இரண்டின் நடுவில் உள்ள இடைவெளி வழியாக நிரைகளுக்குள் நுழைவது. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் 1940இல் ஜெர்மன்காரர்களுக்கு அதிகம் பலித்தது இதுதான். காவல் கப்பலில் இருந்த அஸ்டிக் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. மேலே மிதக்கிற படகை அது சரியாகப் பிடிக்காது. இருட்டில் தாழ்வாக மிதக்கிற சின்ன உருவம் மனிதக் கண்ணுக்கும் எளிதில் படாது. யூ-99 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் தலைவர் ஓட்டோ கிரெட்ஷ்மர் இதில் பேர் போனவர். ஒரு கப்பலுக்கு ஒரு டொர்பிடோ என்பது அவர் கணக்கு. 1940 அக்டோபரில் எஸ்சி 7 என்ற மெதுவான தொடரணி 35 கப்பல்களோடு கனடாவில் இருந்து கிளம்பியது. அதில் 20 கப்பல்களை இரவில் மேலே மிதந்து வந்த படகுகள் சேர்ந்து கவிழ்த்தன.

மச்சான் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். 1941 மார்ச் 17ஆம் தேதி எச்எக்ஸ் 112 தொடரணியில் ஐந்து கப்பல்களை மூழ்கடித்துவிட்டு வெளியேறும்போது கிரெட்ஷ்மர் பிடிபட்டார். அதே இரவில் யூ-100 படகை வனொக் என்ற நாசகாரிக் கப்பல் ராடாரில் கண்டு முட்டி மூழ்கடித்தது. ராடாரின் உதவியோடு பிடிபட்ட முதல் ஜெர்மன் நீர்மூழ்கி அது. அந்த ஆண்டிலேயே இன்னும் கூர்மையான சென்டிமீட்டர் அலை ராடார் காவல் கப்பல்களில் ஏறத் தொடங்கியது. அதன் பிறகு இருட்டு யாருக்கும் சொந்தமில்லை.

ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேமில் பார்க்க வேண்டியது தேதியை. 1939, 1940, 1941இன் தொடக்கம் என்றால் மச்சான் சொல்வது சரி. டொர்பிடோ விடுகிற ஐந்து குழலையும் சுட்டு, நிரைகளுக்கு நடுவிலேயே ஓடி, மறுபக்கமாக வெளியேறலாம். மேலே இருப்பதால் 17 நொட் வேகம் கையில் இருக்கிறது, பெட்டரியும் செலவாகாது. 1942க்குப் பிறகு இதைச் செய்கிறவன் வெளிச்சத்தில் திருடப் போகிறவன் மாதிரி.

தேதி சரியாக இருந்தாலும் நிலவு வேண்டும், ஆனால் அது மற்றவன் பக்கம் இருக்க வேண்டும். தொடரணி நிலவுக்கும் உங்களுக்கும் நடுவில் வர வேண்டும். கப்பல்கள் வெளிச்சத்தின் மேல் கறுப்பாகத் தெரியும், நீங்கள் இருட்டோடு இருட்டாக இருப்பீர்கள். காவல் கப்பலுக்கு எப்போதும் படகின் மூக்கைத்தான் காட்ட வேண்டும், விலாவைக் காட்டக்கூடாது. மேற்தளம் தண்ணீரில் நனைகிற அளவுக்குப் படகைத் தாழ்த்தி ஓட்டினால் இன்னும் நல்லது. கடல் கொந்தளிப்பாக இருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். தெளிந்த வானம், அமைதியான கடல், முழு நிலவு என்றாலும் விட்டுவிடுங்கள். இத்தனை நிபந்தனையும் ஒன்றாகக் கூடுகிற இரவு எத்தனை வரும்? மச்சான் அதற்காக இரண்டு நாள் தொடரணியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவான். என்னைப் போல அவனுக்குக் கடையும் இல்லை, காலைப் பஸ்ஸும் இல்லை.

இனி என் வழி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மருமகன் கடைசியில் வந்து நின்றான்.

தொடரணியின் பாதையில் ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால் போய் மூழ்குங்கள். நடு நிரைகள் இரண்டுக்கும் இடையில் நீங்கள் வருகிற மாதிரி இடத்தைச் சரிசெய்யுங்கள். வேகத்தை 2 நொட்டுக்குக் குறைத்து, ஓசையில்லா ஓட்டத்தைப் போட்டு, 60 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடுங்கள். படகின் மூக்கு வருகிற காவல் கப்பலைப் பார்த்திருக்கட்டும். அஸ்டிக் ஒலி திரும்பிப் போக அது மிகக் குறைந்த பரப்பைத்தான் கொடுக்கும். பெரிஸ்கோப்பை உயர்த்திப் பார்க்கிற ஆசையை இங்கே அடக்க வேண்டும். காதால் மட்டும் பார்க்கிற நேரம் இது.

முன்னே வருகிற காவல் கப்பல் உங்கள் தலைக்கு மேலாகவோ பக்கமாகவோ கடந்து போகும். அந்தச் சில நிமிடங்கள்தான் இந்தக் கேமின் உயிர். காவலுக்கும் முதல் வணிகக் கப்பலுக்கும் நடுவில் 3 கிலோமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 8 நொட் என்றால் ஒரு நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். அந்த 3 கிலோமீட்டரைக் கடக்க 12 நிமிடம். அந்த 12 நிமிடத்துக்குள் மெதுவாக மேலே வந்து பெரிஸ்கோப் ஆழத்தில் நிலைகொண்டால், வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியாவின் கோயில் தலையை நீட்டும், பார்த்திருப்பீர்கள். அப்படி அரை அடி தலை நீட்டி, ஐந்து நொடி பார்த்து, உடனே இறக்குங்கள். படகின் வேகம் 2, 3 நொட்டுக்கு மேல் இருந்தால் பெரிஸ்கோப் தண்ணீரைக் கீறிக்கொண்டு போகும் வெள்ளைக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

சுடுவதற்கான கணக்கும் இந்த வழியில்தான் மிகச் சுலபம். கப்பல் போகும் திசைக்குச் செங்குத்தாக நின்று நேராகச் சுட்டால், தூரம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வேகம் மட்டும் போதும். 30 நொட் மின்சார டொர்பிடோ, 8 நொட் கப்பல் என்றால் கப்பலுக்கு முன்னால் 15 பாகை வைத்துச் சுட வேண்டும். 7 நொட் என்றால் 13 பாகை. 44 நொட்டில் ஓடுகிற நீராவி டொர்பிடோ என்றால் 8 நொட்டுக்கு 10 பாகை போதும். பெரிஸ்கோப்பை அந்தப் பாகைக்குத் திருப்பிவைத்துக் காத்திருந்து, கப்பலின் நடுப்பகுதி கோட்டைத் தொட்டதும் சுட்டுவிடுங்கள். ஓடுகிற பிள்ளைக்குப் பந்தை அவன் இருக்கிற இடத்துக்கு எறியமாட்டோமே, வரப்போகிற இடத்துக்குத்தானே எறிவோம்.

எந்த டொர்பிடோ? பகல் என்றால் யோசிக்க வேண்டாம், மின்சாரம்தான். நீராவி டொர்பிடோ பின்னால் குமிழிக் கோடு விட்டுக்கொண்டு போகும். அதைப் பார்த்துக் கப்பலும் விலகும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு காவலும் வரும். இரவென்றால் வேகமான நீராவியைக் கூசாமல் விடலாம். 1940 வரை காந்த விசையில் வெடிக்கும் முனையை நம்பாதீர்கள். நோர்வே சண்டையில் ஜெர்மன்காரர்களையே அது கைவிட்டது. கப்பல் விலாவில் மோதி வெடிக்கிற முனைதான் நல்லது.

படகின் முன்னால் நான்கு குழல், பின்னால் ஒன்று. இரண்டு நிரைக்கு நடுவில் இருப்பதால் ஐந்துக்கும் வேலை உண்டு. முன்னால் உள்ள நிரையையும் அதற்கு அப்பால் உள்ள நிரையையும் முன்குழல்கள் பார்த்துக்கொள்ளும், முதுகுப் பக்க நிரையைப் பின்குழல். தூரத்துக் கப்பலை முதலில் சுடுங்கள். 30 நொட் டொர்பிடோ 1,800 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 117 நொடி, 700 மீட்டருக்கு 45 நொடி. தூரத்தில் உள்ளதைச் சுட்டு 70 நொடி கழித்துக் கிட்ட உள்ளதைச் சுட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்கும். இல்லாவிட்டால் முதல் வெடிச் சத்தத்துக்கே மற்றக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடத் தொடங்கிவிடும். மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கணக்கா மாமா? சோதனைக்கே இவ்வளவு படிக்கல" என்றான். அவன் அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வழி எவ்வளவு கொடூரமாகப் பலிக்கும் என்பதற்குச் சான்று அட்லாண்டிக்கில் தேட வேண்டியதில்லை. 1944 பெப்ரவரி 12ஆம் தேதி மொம்பாசாவில் இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கேஆர் 8 தொடரணியை மாலைதீவுக்குத் தென்மேற்கே ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி பட்டப்பகலில், மூழ்கியபடியே அடித்தது. ஐந்து படையினர் கப்பல்கள், காவலுக்கு ஒரு குரூசரும் இரண்டு நாசகாரிகளும். கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பல் இரண்டு டொர்பிடோவில் சில நிமிடங்களுக்குள் மூழ்கியது. ஏறக்குறைய 1,300 பேர் போனார்கள். தப்பியவர்கள் நீந்திக்கொண்டிருந்த இடத்திலேயே ஆழ்வெடி (தண்ணீருக்கடியில் வெடிக்கிற குண்டு) போட வேண்டிய நிலை காவல் கப்பலுக்கு. ஐ-27உம் அன்றே அழிந்தது.

நான் கடலை முதன்முதல் பார்த்தபோது எனக்கு வயது பதினொன்று. அதுவரை தண்ணீர் என்றால் பீலியும் ஆறும் நீர்த்தேக்கமும்தான். ஆனால் பிரித்தானியாவில் 1940 ஜூலையில் தேயிலைக்குப் பங்கீடு போட்டு, ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் என்று அளந்து கொடுத்தபோது, அந்தத் தேயிலையில் நம் மலைகளில் பறித்ததும் இருந்தது. கேமில் ஜெர்மன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் மூழ்கடிக்கிற கப்பலின் அடித்தளத்தில் என் பாட்டி பறித்த கொழுந்து இருந்திருக்கலாம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் இது ஞாபகம் வருகிறது என்று சொன்னால் பொய். எப்போதாவது வரும்.

அப்புறம், தப்புவது. என் வழி மற்ற வழிகளை மிஞ்சுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். நிரைகளுக்கு நடுவில் இருந்து சுட்டவனுக்குத் தலைக்கு மேலேயே கூரை இருக்கிறது. சுட்டு முடித்ததும் ஆழமாக இறங்கி, தொடரணி வந்த திசையை நோக்கி, வணிகக் கப்பல்களின் அடியிலேயே மெதுவாகப் போங்கள். கப்பல்களைத் தள்ளுகிற அத்தனை உந்திகளின் இரைச்சலில் காவல் கப்பலின் காது அடைபட்டிருக்கும். நிரை முழுவதும் கடந்துபோக எட்டு, பத்து நிமிடம் ஆகும். அதற்குள் 150 மீட்டருக்குப் போய்விடலாம். காவல் கப்பல் உங்களுக்கு நேர் மேலே வரும்போது அஸ்டிக் கதிர் அவ்வளவு செங்குத்தாகக் கீழே பார்க்காது, கடைசி நேரத்தில் பிடி விட்டுப்போகும். ஆழமாக இருக்க இருக்க அந்தக் குருட்டு நேரம் நீளும். அப்போது வேகத்தைக் கூட்டித் திரும்புங்கள், ஆழ்வெடி வெடித்துத் தண்ணீர் கலங்கியிருக்கும்போது இன்னும் கொஞ்சம் ஓடுங்கள், சத்தம் அடங்கியதும் மறுபடி ஓசையில்லாமல் ஊருங்கள். நீங்கள் பின்பக்கம் போகிறீர்கள், தொடரணி முன்பக்கம் போகிறது. காவல் கப்பலுக்கு இரண்டையும் விட மனம் வராது, கடைசியில் தொடரணியோடுதான் போகும்.

1942க்குப் பிறகு ஹெட்ஜ்ஹாக் வருகிறது. 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னாலேயே எறியும், பட்டால்தான் வெடிக்கும். அஸ்டிக் பிடியில் இருக்கும்போதே எறிவதால் நான் மேலே சொன்ன குருட்டு நேரத் தந்திரம் அதனிடம் பாதிதான் செல்லும். 1943 மே மாதத்தில் மட்டும் 41 ஜெர்மன் படகுகள் போய், 24ஆம் தேதி ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் தன் படகுகளை வட அட்லாண்டிக் தொடரணிப் பாதையில் இருந்து விலக்கிக்கொண்டார். கேமில் அந்த ஆண்டைத் தொடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே தொடுங்கள். அப்போதும் என் வழி மற்றவற்றைவிட நல்லதுதான், ஆனால் நல்லது என்பதற்கு அர்த்தம் சிறுத்துவிடும்.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. தொடரணி கடைசி நேரத்தில் போக்கை மாற்றினால் இரண்டு மணித்தியாலக் காத்திருப்பு வீண். மூழ்கியபடி அதைப் பிடிக்க முடியாது, மேலே வந்தால் பார்த்துவிடுவார்கள். எனக்கு ஐந்துக்கு ஒரு தடவையாவது இப்படி நடக்கும். இன்னொன்று, பழைய கேம் என்பதால் மூழ்கியிருக்கும்போதும் எதிரி பக்கத்தில் இருக்கும்போதும் சேவ் பண்ணினால் அந்தக் கோப்பு திரும்பத் திறக்கும்போது கெட்டுப்போவது உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் எனக்கு இந்த வழியே கிடையாது. மின்சாரம் பிறக்கிற மலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். லெப்டொப் பெட்டரி ஒன்றேகால் மணித்தியாலம், படகின் பெட்டரி அதைவிடப் பரவாயில்லை.

மருமகனின் பழைய வழிக்கு, அதாவது தூரத்தில் நின்று கொத்தாகச் சுடுவதற்கு, அதிகம் எழுத ஒன்றுமில்லை. வேகத்தை ஒரே ஒரு நொட் தப்பாகக் கணித்தாலும் 1,000 மீட்டரில் 33 மீட்டர்தான் பிசகும், 130 மீட்டர் நீளக் கப்பலில் எங்கேயாவது படும். அதே பிழை 4,000 மீட்டரில் 130 மீட்டருக்கு மேல், டொர்பிடோ முன்னாலோ பின்னாலோ போய்விடும். "பின்னால வர்ற கப்பல்ல படாதா மாமா?" என்று கேட்டான். படலாம். ஒரு நிரையை நீளவாக்கில் பார்த்தால் நாலில் ஒரு பங்குதான் கப்பல், மிச்சம் வெறும் தண்ணீர். படகில் இருப்பதே மொத்தம் 14 டொர்பிடோ. மின்சார ரகம் 5,000 மீட்டரோடு ஓட்டத்தை நிறுத்திவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. 1942இன் கடைசியில் வருகிற எஃப்ஏடி டொர்பிடோ மட்டும் விதிவிலக்கு. நேராகப் போய், பிறகு வளைந்து வளைந்து நிரைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஓடும். அது கையில் இருந்தால் வேலிக்கு வெளியே இருந்தே விடலாம், ராடார் காலத்தில் அது ஒரு கௌரவமான தேர்வு. மற்றபடி இந்த வழியின் ஒரே நன்மை உயிரோடு வீடு திரும்புவது. அதற்குத் துறைமுகத்திலேயே இருந்துவிடலாம்.

நான்காவது வழி பின்தங்கியவனைப் பிடிப்பது. புயலிலும் மூட்டத்திலும் சில கப்பல்கள் நிரையைத் தவறவிட்டுப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆடி மாதத்தில் இங்கே முகத்துக்கு முன் கையை நீட்டினால் கை தெரியாதே, இந்தக் கேமிலும் அப்படி ஒரு மூட்டம் வந்தால் நாட்கணக்கில் விலகாது. அந்த நாளில் பெரிஸ்கோப்பால் பயனில்லை, ஹைட்ரோஃபோனில் தனியாகக் கேட்கிற உந்தியைத் தேடிப் போங்கள். ஒரு டொர்பிடோ, ஒரு கப்பல், முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மச்சான் இதைப் பொறுக்கித்தனம் என்பான். ஹட்டனில் கடையைச் சாத்திவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிற கிழமை நாட்களில் நான் செய்வது இதைத்தான்.

காவல் கப்பலையே முதலில் அடித்துவிட்டால் என்ன என்று எல்லோரும் ஒரு நாள் யோசிப்பார்கள். சத்தத்தைத் தேடிப் போகிற டொர்பிடோ 1943 செப்டம்பரில் வருவதற்கு முன் இதை நினைக்கவே வேண்டாம். வந்த பிறகும், சுட்டதும் 60 மீட்டருக்கு இறங்கி இயந்திரத்தை அடக்காவிட்டால் அது உங்கள் சத்தத்தையே தேடி வந்துவிடும்.

ஆக, மருமகனிடம் நான் கேட்டது மூன்று கேள்வி. கேமில் இப்போது என்ன ஆண்டு? 1940 அக்டோபர் என்றான். நிலவு? தேய்பிறை, நள்ளிரவுக்குப் பிறகுதான் எழும் என்றான். நாளைக்குக் காலையில் உனக்கு வகுப்பு இருக்கிறதா? இருக்கிறது.

இந்த மூன்று பதிலையும் மச்சானிடம் ஃபோனில் சொன்னால், "மேல வச்சே அடிக்கச் சொல்லுடா, இதுக்கு மேல என்ன வேணும்" என்பான். நியாயம்தான், அந்தத் தேதிக்கும் அந்த இருட்டுக்கும் அவன் வழியே சரி என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் மருமகன் இன்னும் படகை நிதானமாகத் திருப்பவே பழகவில்லை. இரவில் மேலே மிதந்து உள்ளே போனால் ஒரே நேரத்தில் நான்கு பக்கமும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முடிவையும் பத்து நொடியில் எடுக்க வேண்டும். தண்ணீருக்கடியில் காத்திருக்கிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். முதல் மூன்று தொடரணி என் வழியில், அதற்குப் பிறகு மச்சானிடம் போ என்றேன்.

அன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோடு போட்டான், சுற்றிப் போனான், மூழ்கினான். காவல் கப்பலின் உந்திச் சத்தம் தலைக்கு மேல் வந்தபோது லெப்டொப்பில் இருந்து கையை எடுத்துவிட்டுத் தொடையில் வைத்துக்கொண்டான். ஐந்து டொர்பிடோ விட்டான், ஒன்று வெடிக்கவில்லை, ஒன்று தப்பியது, மூன்று கப்பல். 160 மீட்டரில் இரண்டு மணித்தியாலம் கிடந்து மேலே வந்தபோது கடல் காலியாக இருந்தது. மீதி ஒன்பது டொர்பிடோ. குழல்களை நிரப்பிக்கொண்டு இன்னொரு தடவை குறுக்கில் ஓடினால் விடிவதற்குள் திரும்பவும் அடிக்கலாம் என்று வரைபடத்தில் அளந்து காட்டினான். மணி ஒன்றரை. நான் படுக்கப் போய்விட்டேன்.